பழைய டீசல் பிக்கப்பில் வந்து வந்து போகும் ஐடிலிங் கோளாறு: அறிகுறி வாரியாகக் கண்டறியும் முறை

தை, மாசி மாதங்களில் சம்பா நெல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் முன் வரிசையில் நிற்கும் பழைய பிக்கப்புகளில் இந்தக் கோளாறு அதிகம் கண்ணில் படும். ஆக்சிலேட்டர் மிதியிலிருந்து பாதத்தை எடுத்து ஐடிலிங்குக்கு (இன்ஜின் சும்மா மெதுவாக ஓடும் நிலை) வந்ததும் இன்ஜின் தள்ளாடும், சில நேரம் நின்றே போகும், செல்ஃப் அடித்தால் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி ஓடும். பட்டறைக்குக் கொண்டுபோய் நிறுத்தினால் ஒரு மணி நேரம் ஆனாலும் சீராக ஓடிக்கொண்டிருக்கும். நிலையான கோளாறு என்றால் எந்த மெக்கானிக்கும் பிடித்துவிடுவார். வந்து போகும் கோளாற்றுக்கு அது எப்போது வருகிறது என்ற விவரம்தான் முதல் கருவி, அந்த விவரம் வண்டி ஓட்டுபவரிடம் மட்டுமே இருக்கும்.

பொதுவாகச் செய்யப்படுவது, டீசல் பம்பில் உள்ள ஸ்லோ ஸ்க்ரூவைச் சற்றுத் திருகி வேகத்தைக் கூட்டிவிடுவது. வண்டி அன்றைக்கு நிற்காது என்பது உண்மைதான். ஆனால் வெடிப்பு வழியே காற்றை இழுக்கும் டீசல் குழாயும் டேங்குக்குள் அடைத்துக்கொண்ட வலையும் அப்படியே இருக்க, அவற்றைக் காட்டிக்கொடுத்த அறிகுறி மட்டும் மறைந்துவிடுகிறது. கோளாறு பிறகு சாலையில், பாரத்தோடு, மேட்டில் ஏறும்போது வெளிப்படும். எனவே கீழ்க்காணும் சோதனைகள் முடியும்வரை அந்த ஸ்க்ரூவைத் தொடக் கூடாது. ஒரே நேரத்தில் இரண்டு பாகங்களை மாற்றவும் கூடாது, மாற்றினால் எது காரணம் என்பது தெரியாமலேயே போய்விடும்.

இங்கே சொல்லப்படுபவை பெரும்பாலும் டாடா 207 டி.ஐ., பழைய பொலிரோ பிக்கப் போன்ற, மெக்கானிக்கல் பம்ப் பொருத்திய டீசல் வண்டிகளுக்கு உரியவை. வண்டியின் ஆண்டை வைத்து இதை முடிவு செய்ய வேண்டாம், பானட்டைத் திறந்து பார்ப்பதே நம்பகமானது. பம்பிலிருந்து நான்கு இரும்புக் குழாய்கள் நேராக நான்கு நாசில்களுக்கும் (சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் பாகங்கள்) போனால் அது மெக்கானிக்கல் பம்ப். பம்பிலிருந்து ஒரு தடித்த குழாய்க்கு டீசல் போய், அந்தக் குழாயிலிருந்து நாசில்களுக்குப் பிரிந்தால் அது காமன் ரயில்; அதைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. டீசல் வண்டிகளில் பிரேக்குக்கு உதவும் வேக்குவம் (காற்றை உறிஞ்சி உண்டாக்கும் வெற்றிடம்), இன்ஜின் ஓடும்போது சுழலும் ஒரு பம்பிலிருந்து வருகிறது. பல வண்டிகளில் அது ஆல்டர்னேட்டரின் பின்புறத்திலேயே இருக்கும். ஓட்டத்தில் இன்ஜின் நின்றால், சேமிப்பில் உள்ள வேக்குவம் சில மிதிகளுக்குத்தான் வரும், அதன்பின் பிரேக் மிதி கல்லாக இறுகிவிடும். ஆகவே கொள்ளிடப் பாலத்தின் இறக்கத்திலோ கரைச் சாலையின் சரிவிலோ வைத்து இந்தக் கோளாற்றைச் சோதித்துப் பார்க்காதீர்கள். சமதளத்தில், நியூட்ரலில், கைப்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகே பானட்டுக்குள் கை வைக்க வேண்டும்.

எப்படி நிற்கிறது என்பதை முதலில் கவனியுங்கள்

சாவியைத் திருப்பி அணைத்தது போலச் சட்டென்று நின்றால், ஐயம் மின்சாரப் பக்கம் போக வேண்டும். தடுமாறி, இரண்டு மூன்று முறை மூச்சுவாங்கி, வேகம் இறங்கி நின்றால் ஐயம் டீசல் வரும் பக்கம் போக வேண்டும். இந்த ஒரு வேறுபாடே பாதி வேலையை முடித்துவிடும். இதோடு, டேங்கில் எவ்வளவு டீசல் இருந்தது, வண்டி சூடாக இருந்ததா, மூக்கு மேல்நோக்கி நின்றதா, முந்தைய நாள் மழையில் நனைந்ததா என்பவற்றை டேஷ்போர்டில் ஒரு தாளில் குறித்து வைத்தால், நாலைந்து முறை நின்ற பிறகு காரணம் பெரும்பாலும் அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

அறிகுறி: காலையில் ஒரே அடியில் ஓடத் தொடங்கி, சில நிமிடங்களில் தள்ளாடி நிற்கிறது, கையால் பம்ப் அடித்தால் சரியாகிறது

இது காற்று இழுக்கும் கோளாறு. பழைய வண்டிகளில் ஐடிலிங் தகராறுக்கு முதலில் தேட வேண்டியதும் இதுதான். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் (டேங்க் டீசலை இழுத்துக் கொடுக்கும் சிறு பம்ப்) வரை டீசல் தள்ளப்படுவதில்லை, உறிஞ்சப்படுகிறது. ஆகவே அந்த வழியில் உள்ள ரப்பர் குழாயில் மயிரிழை வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். “எங்கேயும் ஒழுகவில்லையே, பிறகு எப்படி லீக்?” என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். இரவு முழுவதும் வண்டி நிற்கும்போது குழாயில் உள்ள டீசல் மெல்லப் பின்வாங்கி டேங்குக்குத் திரும்பிவிடுகிறது. காலையில் ஃபில்டரில் தங்கியிருந்த டீசலில் இன்ஜின் ஓடத் தொடங்கி, பின்னால் வரும் காற்று பம்பை எட்டியதும் தள்ளாடுகிறது.

உறுதி செய்ய, ஒரு முழம் நீளத்துக்கு, டீசலைத் தாங்கும், கண்ணாடிபோல உள்ளே தெரியும் வளையக்கூடிய டியூப் (‘கண்ணாடி டியூப்’) வாங்கி, ஃபீட் பம்புக்கு வரும் குழாயின் இடையில் கிளிப் போட்டுப் பொருத்துங்கள். ஏர் எடுத்து (குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றி), இன்ஜினை ஓடவிட்டு, டியூபை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். தொடக்கத்தில் வரும் ஒன்றிரண்டு குமிழிகளைப் பொருட்படுத்த வேண்டாம். ஐந்து நிமிடம் கழித்தும் கடுகு போன்ற குமிழிகள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தால், டேங்குக்கும் அந்த டியூபுக்கும் இடையில் எங்கோ காற்று நுழைகிறது. அங்கே குமிழி இல்லையென்றால், டியூபை ஃபில்டருக்கும் பம்புக்கும் இடையில் மாற்றிப் பொருத்திப் பாருங்கள். ஃபில்டர் மூடியின் வாஷரும் ஃபீட் பம்பின் கைப்பிடியும் இப்போது சோதனைக்கு உள்ளாகும்.

காற்று நுழையும் இடங்களில் முதலாவது, கிளிப்புக்கு அடியில் உள்ள குழாயின் முனை. கிளிப்பைத் தளர்த்தி, குழாயை உருவி, முனையை விரலால் மடக்கிப் பார்த்தால் வெடிப்பு விரியும். மேலே இருந்து பார்த்தால் புதிது போலவே இருக்கும். அடுத்தது, குழாய்களை இணைக்கும் துளை போல்ட்டுகளின் இரண்டு பக்கமும் உள்ள செம்பு வாஷர்கள். ஒருமுறை நசுங்கி இறுகிய செம்பு வாஷரைத் திரும்பப் போட்டால் அது அமராது. புதிது கிடைக்காத இடத்தில், பழைய வாஷரைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் செம்பு மீண்டும் மென்மையாகும், அப்போதைக்கு உதவும். மூன்றாவது, கையால் அடிக்கும் பிரைமர். அதன் உள்ளே உள்ள ரப்பர் வளையம் தேய்ந்தால் காற்று உள்ளே போவதோடு, சில நேரம் கைப்பிடியின் அடியில் டீசல் ஈரமும் தெரியும்.

டேங்க் பாதிக்குக் கீழே இறங்கினால் மட்டும் கோளாறு வருகிறது, நிரப்பினால் மறைகிறது என்றால், டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயில் துரு ஓட்டை போட்டிருக்கிறது என்று பொருள். டீசல் அந்த ஓட்டைக்கு மேலே நிற்கும்வரை ஒன்றும் தெரியாது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்பும் மீனும் ஏற்றும் வண்டிகளில், உப்புக் காற்றும் சொட்டும் உப்புத் தண்ணீரும் சேர்ந்து டேங்கின் மேல்தகட்டையும் அதில் பொருந்தும் குழாய்களையும் அரித்துவிடுவதால், அங்குள்ளவர்கள் இந்தச் சோதனையை முதலிலேயே செய்துவிடலாம்.

அறிகுறி: நன்றாக ஓடிக்கொண்டிருந்து, அரை மணி, ஒரு மணி கழித்து வேகம் இறங்கி நிற்கிறது, பத்து நிமிடம் விட்டால் மறுபடி ஓடுகிறது

காற்று அல்ல, அடைப்பு. முதலில் டேங்க் மூடியைப் பாருங்கள், இதற்கு ஒரு காசும் செலவில்லை. டீசல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்ப வெளிக்காற்று மூடியில் உள்ள சிறு துளை வழியாக உள்ளே போக வேண்டும். வைக்கோல் தூசியும் சேறும் படிந்து அந்தத் துளை மூடிக்கொண்டால், டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி டீசல் வர மறுக்கும். இன்ஜின் தள்ளாடும் அந்தக் கணத்தில் மூடியைத் திறந்து, “புஸ்” என்று காற்று உள்ளே இழுக்கும் ஓசை கேட்டால் விடை கிடைத்துவிட்டது. தொலைந்த மூடிக்குப் பதிலாகக் கிடைத்த மூடியை இறுக்கிப் போட்ட வண்டிகளிலும், மூடியின் மேல் பாலித்தீன் கட்டிய வண்டிகளிலும் இதே தொல்லை வரும்.

மூடி சரியாக இருந்தால், டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செபரேட்டருக்கு வாருங்கள். அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, வருவதை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, கால் மணி நேரம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் அடியிலும் டீசல் மேலேயும் நிற்கும், இடையில் கரிய கோழைபோல ஒரு படலம் தெரிந்தால் கூடுதல் கவலை தேவை. டீசலுக்கு அடியில் தண்ணீர் நாட்கணக்கில் தங்கினால், இரண்டும் சேரும் எல்லையில் நுண்ணுயிர்கள் வளர்கின்றன. நம் ஊர் வெப்பமும் ஈரமும் அவற்றுக்கு ஏற்றவை. அந்தக் கோழைதான் டேங்குக்குள் இருக்கும் வலையில் ஒட்டி அடைக்கிறது. இன்ஜின் நின்றதும் உறிஞ்சும் விசை போய்விடுவதால், கோழை வலையை விட்டு நழுவி விழுகிறது. பத்து நிமிடத்தில் வண்டி தானாகச் சரியாவதன் காரணம் இதுவே.

டெல்டாவில் தண்ணீர் டீசலில் கலக்கும் வழிகள் பல. அறுவடை இயந்திரத்துக்கும் மோட்டார் பம்புக்கும் என்று பேரலில் வாங்கி வைத்த டீசலைப் பிக்கப்புக்கும் ஊற்றுவது வழக்கம். பேரலை வெட்டவெளியில் நிமிர்த்தி வைத்தால், ஐப்பசி, கார்த்திகை மழையில் அதன் மேல்பகுதியில் தண்ணீர் தேங்கி, பகலில் விரிந்து இரவில் சுருங்கும் காற்றோடு மூடியின் மரை வழியாக உள்ளே இறங்கும். பேரலைச் சாய்த்துப் படுக்க வைத்து, இரண்டு மூடிகளும் நேர்க்கோட்டில் பக்கவாட்டில் இருக்கும்படி வைத்தால் தண்ணீர் மூடிகளின் மேல் தேங்காது. பாதி டேங்கோடு மழைக்காலம் முழுவதும் நிற்கும் வண்டியில், டேங்கின் உட்சுவரில் வியர்க்கும் நீரும் சேர்கிறது. வெள்ளம் டேங்க் உயரத்துக்கு ஏறிய வண்டி என்றால் பேச்சே இல்லை, டேங்கை இறக்கிக் கழுவுவதுதான் வழி.

கேனில் ஒரு சோதனை

மேற்கண்ட இரண்டு அறிகுறிகளில் எது என்று பிரிக்க முடியாமல் குழப்பமாக இருந்தால், ஐந்து லிட்டர் கேனில் சுத்தமான டீசல் எடுத்து, இன்ஜினின் சூடான பாகங்களிலிருந்து விலக்கி உறுதியாகக் கட்டி, அதிலிருந்து புதிய குழாய் ஒன்றை நேராக ஃபீட் பம்புக்குக் கொடுங்கள். மிஞ்சும் டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் குழாயையும் அந்தக் கேனுக்கே விடுங்கள். டேங்க், உறிஞ்சு குழாய், வாட்டர் செபரேட்டர் எல்லாம் இப்போது கணக்கிலிருந்து விலகிவிட்டன. வழக்கமாகக் கோளாறு வரும் நேரத்தைத் தாண்டியும் வண்டி நின்ற இடத்தில் சீராக ஓடினால், காரணம் பின்பக்கத்தில். அப்போதும் தள்ளாடினால் ஃபில்டர், பம்ப், நாசில் பக்கம். விலை உயர்ந்த பம்ப் வேலைக்கு ஒப்புக்கொள்வதற்கு முன் எந்த வண்டிக்காரரும் இந்தச் சோதனையைக் கேட்டுச் செய்ய வைக்க வேண்டும் என்பது என் கருத்து. இதைச் செய்ய மறுத்து, “பம்பைக் கழற்றிவிடலாம்” என்று தொடங்கும் இடத்தில் அவசரப்பட்டு வண்டியை விடாதீர்கள்.

அறிகுறி: வேகம் தானாக ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஒரே தாளத்தில் ஆடுகிறது

காற்று இல்லை என்று கண்ணாடி டியூப் சொன்ன பிறகும் இந்த ஆட்டம் இருந்தால், வேகத்துக்கேற்ப டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் கவர்னரைப் பார்க்க வேண்டும். சில பழைய பம்புகளில் கவர்னர் வேக்குவத்தால் வேலை செய்யும். காற்று உள்ளிழுக்கும் வாய்க்குழாயிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று பம்பின் பின்புறத்துக்கு வரும். அந்தக் குழாயில் வெடிப்போ, பம்புக்குள் இருக்கும் தோல் டயாஃப்ரத்தில் கிழிசலோ இருந்தால் ஐடிலிங் ஊசலாடும். இன்ஜினை அணைத்து, பம்பில் உள்ள ஸ்டாப் லீவரை நிறுத்தும் நிலைக்குத் தள்ளிப் பிடித்து, மெல்லிய குழாய் வரும் துளையை விரலால் இறுக்க மூடி, லீவரை விடுங்கள். சற்று நகர்ந்து தயங்கி நின்றால் டயாஃப்ரம் நன்று. விரல் மூடியிருக்கும்போதே உடனே திரும்பி வந்துவிட்டால் கிழிந்திருக்கிறது.

இந்தக் குழாயைக் கழற்றிவிட்டு இன்ஜினை ஒருபோதும் ஓட்டிப் பார்க்காதீர்கள். வேக்குவம் இல்லாத கவர்னர் டீசலை முழு அளவுக்குத் திறந்துவிடும். இன்ஜின் கட்டுப்பாடின்றி வேகமெடுத்து உடைய வாய்ப்புண்டு.

ஆக்சிலேட்டரை விடும் ஒவ்வொரு முறையும் ஐடிலிங் வேறு வேறு அளவில் நிற்கிறது என்றால், கவர்னர் வரை போக வேண்டியதில்லை. மழையில் நனைந்து துருவேறிய கேபிள் உறைக்குள் சிக்கி முழுதாகத் திரும்பவில்லை. மிதியின் அடியில் பாதத்தைக் கொடுத்து மேலே தூக்கும்போது வேகம் இறங்கினால் கேபிளை மாற்றிவிடுங்கள், எண்ணெய் விட்டுச் சமாளிப்பது சில வாரங்களுக்குத்தான் தாங்கும்.

அறிகுறி: ஐடிலிங்கில் மட்டும் வண்டி முழுவதும் உலுக்குகிறது, ரேஸ் கொடுத்தால் சரியாகிறது

ஒரு சிலிண்டர் மிஸ் ஆகிறது. இன்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது, நாசில் பக்கத்தில் உள்ள குழாய் நட்டை ஒவ்வொன்றாக அரைச் சுற்றுத் தளர்த்தி உடனே இறுக்குங்கள். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குக் கெட்டியான உறை, நட்டின் மேல் துணி ஆகியவை கட்டாயம். நல்ல சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் ஓசை மாறி உலுக்கல் கூடும். எந்த நட்டைத் தளர்த்தும்போது எந்த மாற்றமும் இல்லையோ, அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. அதன் நாசிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு மறுபடி சோதியுங்கள்: மிஸ்ஸிங் நாசிலோடு போனால் நாசில் கோளாறு, அதே சிலிண்டரில் தங்கினால் டேப்பெட் (வால்வு இடைவெளி), கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தம்) அல்லது பம்பின் அந்தப் பிரிவு.

இது அறுவடைக் காலத்தில் கூடுவதற்குக் காரணம் இருக்கிறது. மணிக்கணக்கில் பாரமின்றி ஐடிலிங்கில் ஓடும் டீசல் இன்ஜின் போதிய சூடு பெறாமல், டீசல் முழுதாக எரியாமல், நாசிலின் நுனியில் கரி கட்டுகிறது. வரிசை நகரப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும் என்று தெரிந்தால் அணைத்துவிடுவதே நாசிலுக்கும் நல்லது, டீசலுக்கும் மிச்சம்.

உலுக்கல் இருந்தும் ஓசை சீராகவே இருந்தால், நாசிலைத் தொட வேண்டாம். இன்ஜின் மவுண்டிங் ரப்பர் பிய்ந்திருக்கும்.

அறிகுறி: சட்டென்று அணைகிறது

சாவி போட்டதும் டீசல் வழியைத் திறந்து, எடுத்ததும் மூடும் சோலனாய்டு என்ற மின் வால்வு பல பம்புகளில் உண்டு. அதன் ஒற்றை ஒயர் தளர்ந்திருந்தாலோ பச்சை பூத்திருந்தாலோ, குலுங்கும்போது மின்சாரம் கணநேரம் விட்டுப்போய் இன்ஜின் அணையும். இன்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது அந்த ஒயரையும், ஃபியூஸ் பெட்டியையும், சாவித் துளைக்குப் பின்னுள்ள இணைப்பையும் ஒவ்வொன்றாகக் கையால் அசைத்துப் பாருங்கள். எலிகளையும் மறந்துவிடக் கூடாது: அறுவடை முடிந்து வயல் காலியானதும் அவை வீட்டையும் வைக்கோல் போரையும் தேடி வருகின்றன; போரின் அருகில் இரவு நிறுத்திய வண்டியின் ஒயர் உறையைக் கடிப்பது சாதாரணம். செம்பு கொஞ்சம் மிஞ்சியிருக்கும்வரை வண்டி ஓடும், நனைந்தால் நிற்கும்.

விளக்கு, வைப்பர் போட்டதும் வேகம் தொய்ந்து நிற்கப் பார்க்கிறது என்றால், ஆல்டர்னேட்டரின் சுமையை இன்ஜின் தாங்கவில்லை. ஓட்டத்தில் பேட்டரி முனையில் சுமார் 13.8 முதல் 14.4 வோல்ட் இருக்க வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் பெல்ட்டையும் எர்த் ஒயரையும் பாருங்கள். இதெல்லாம் சரியாக இருந்து, காற்றும் அடைப்பும் இல்லை என்று உறுதியான பின், இன்ஜின் நன்றாகச் சூடேறிய நிலையில், வண்டியின் கையேட்டில் சொன்ன வேகத்துக்கு ஸ்லோ ஸ்க்ரூவை வையுங்கள். இந்த வகை இன்ஜின்களில் அது பெரும்பாலும் நிமிடத்துக்கு 700 முதல் 850 சுற்றுக்குள் இருக்கும்.

காமன் ரயில் வண்டிகளில் வேறுபடுபவை

டேங்க் முதல் ஃபில்டர் வரை மேலே சொன்ன எல்லாமே இதற்கும் பொருந்தும். ஆனால் நாசில் குழாயின் நட்டைத் தளர்த்தும் சோதனையை இதில் செய்யவே கூடாது. ஐடிலிங்கிலேயே ரயிலில் பல நூறு பார் அழுத்தம் இருக்கும், அதிலிருந்து பீச்சும் மெல்லிய இழை தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வலி குறைவாகத் தெரிந்தாலும் அது உடனடியாக மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம்.

இதில் செய்யக்கூடிய சோதனை, நான்கு நாசில்களின் ரிட்டர்ன் குழாய்களையும் நான்கு ஒரே மாதிரிப் பாட்டில்களில் விட்டு, சில நிமிடம் ஐடிலிங்கில் ஓட்டி அளவை ஒப்பிடுவது. ஒரு பாட்டிலில் மட்டும் மற்றவற்றைவிட மிக அதிகம் சேர்ந்தால், அந்த நாசில் உள்ளுக்குள் கசிந்து ரயிலின் அழுத்தத்தைத் தின்கிறது. சூடானபின் மட்டும் சட்டென்று அணைந்து, ஆறினால் ஓடி, செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் சுற்றைக் காட்டும் ஆர்.பி.எம். மீட்டரின் முள் சற்றும் அசையாமல் இருந்தால், இன்ஜின் சுழல்வதைக் கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரை ஐயப்படலாம். கரும்புகையோடு ஐடிலிங் கரடுமுரடாக இருந்தால், புகையில் ஒரு பகுதியை மீண்டும் இன்ஜினுக்குள் விடும் இ.ஜி.ஆர். வால்வில் கரி அடைத்துத் திறந்தபடி நின்றிருக்கக்கூடும். கழற்றிச் சுத்தம் செய்து, முழுதாக மூடுகிறதா என்று பார்க்க வேண்டும். இன்ஜின் விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்திருந்தாலும் அதன் குறியீடு கணினியில் பதிவாகியிருக்கும். ஆகவே ஸ்கேனர் உள்ள இடத்துக்குப் போகும்முன் பேட்டரியைக் கழற்றிவிடாதீர்கள், பல வண்டிகளில் பதிவு அழிந்துவிடும்.

எல்லாச் சோதனைக்கும் பிறகு பம்பைத்தான் கழற்ற வேண்டும் என்று முடிவானால், கழற்றுமுன் அதன் விளிம்பிலும் இன்ஜின் உடலிலும் சேர்த்து ஒரு கோடு கீறி டைமிங்கை (டீசல் பீச்சும் நேரம்) அடையாளம் செய்யச் சொல்லுங்கள். பம்போடு நான்கு நாசில்களையும் சேர்த்தே, பம்பைத் தனியாக ஓட்டிச் சோதிக்கும் டெஸ்ட் பெஞ்ச் உள்ள கடைக்கு அனுப்புங்கள். கோளாறு வந்த நேரங்களைக் குறித்த தாளையும், வாட்டர் செபரேட்டரில் பிடித்த பாட்டிலையும் கூடவே கொடுங்கள். தண்ணீர் போன பம்ப் என்று தெரிந்தால் அவர்கள் பிரித்துப் பார்க்கும் இடங்களே வேறு.